நான் கொடுத்த நாற்றுகள்

எங்கள் தெருவில் எனக்குத் ‘தக்காளிச் சேச்சி’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் கிடைத்தபோது நான் எவ்வளவு பூரித்துப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பிறகு நான் நடந்துகொண்ட விதம் யாருக்கும் விளங்காது.

நான் கல்யாணமாகி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவள். என் கணவர் தம்பானூரில் ஒரு சைவ ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். நான் பழவங்காடியில் ஒரு பூஜைச் சாமான் கடையில் நிற்கிறேன். பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கையில் நார் வாசனை ஏறிவிட்டது. மலையாளம் காதுக்கு வந்த அளவு நாக்குக்கு வரவில்லை. கடையில் நான் விலை சொன்னால் சிரிப்பார்கள். குடியிருப்பது ஸ்ரீவராகத்தில், ஒரு மாமியின் வீட்டு இரண்டாவது மாடியில். கீழே மாமி, நடுவில் மார்த்தாண்டத்துக்கார அக்கா குடும்பம், மேலே நாங்கள். எங்களுக்கு மேலே மொட்டை மாடி. அக்காவின் வீட்டுக்காரர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அங்கேயே தங்கிவிட்டு வாரக் கடைசியில்தான் வருவார்.

மொட்டை மாடியில் குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பைகளை வைத்து நான் தக்காளி போட்ட முதல் வருஷம், நானே நம்பாத அளவுக்குக் காய்த்தது. விதையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வந்த நாட்டுத் தக்காளி அழுகியதைப் பிழிந்து சாம்பலில் புரட்டிக் காய வைத்தது. சின்னச் சின்னதாய், வரிவரியாய் மடிப்பு விழுந்த, நல்ல புளிப்புள்ள காய். மாமிக்கு ஒரு கிண்ணம், அக்காவுக்கு ஒரு கிண்ணம், பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலையாளி. அதுவரை என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பவர், வாசலில் நின்று, “இது எங்ஙனே பிடிப்பிச்சு எடுத்து, சேச்சி?” என்று, எப்படி வளர்த்தாய் என்ற அர்த்தத்தில் கேட்டார். இந்த ஊரில் ஒருவர் எனக்குத் தெரிந்த விஷயத்தை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு டாக்டராகவே ஆகிவிட்டேன். யாராவது இலை மஞ்சளாகிறது என்றால் போதும், “அடியிலையா, நுனியிலையா?” என்று கேட்பேன். அடியிலை முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம் இல்லை, எப்சம் உப்பைக் கரைத்துத் தெளி. கொழுந்து வெளுத்தால் இரும்புச் சத்து. பழுப்பு வட்டத்தைச் சுற்றி மஞ்சள் என்றால் பூஞ்சை, அந்த இலையைக் கிள்ளித் தூரப் போடு. நான் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் சொல்லும்போது என் குரல் ஒரு மாதிரி மாறிவிடும். அதை என் கணவர் ஒருமுறை நடித்துக் காட்டினார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் ஆவணி மழை விட்டதும் எல்லாருக்கும் நாற்றுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். காகிதக் கோப்பைகளில் மண் நிரப்பி விதை ஊன்றினேன். மண்ணுக்காகப் புதிதாக எங்கும் போகவில்லை. கோடையில் கத்தரி போட்டிருந்த பழைய பைகளைக் கொட்டி, உதிர்த்து, கொஞ்சம் சாணிப்பொடி கலந்துகொண்டேன். அந்தக் கத்தரி கடைசியில் வளராமல் குன்றி, மஞ்சளாகிப் போனது எனக்குத் தெரியும். வெயில் அதிகம் என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைசிச் சில கோப்பைகளுக்கு மண் போதாமல் கடையில் வாங்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பினேன். அந்தக் கோப்பைகள் டீச்சருக்குப் போயின. பழைய மண் மாமிக்கும் அக்காவுக்கும் எனக்கும். அக்காவிடம் பை இல்லை என்று அதே மண்ணை நிரப்பி என் குரோ பேக் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அக்கா நாற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “எனக்க கையில ஒண்ணும் வாழாது பிள்ளே. நீ தந்ததாவது நிக்குதான்னு பாப்போம்” என்றார். நான் சிரித்தேன். “நான் தந்தது நிக்கும்க்கா.”

மார்கழி பிறக்கும் முன்பே அக்கா மாடியேறி வந்தார். இலை மஞ்சளாகிறதாம். அடியிலை என்றார். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றச் சொன்னேன். மறுபடி வந்தார். மத்தியானம் துவண்டு போகிறது, சாயந்தரம் நிமிர்ந்துகொள்கிறது என்றார். வெயில் தாங்கவில்லை, நிழலுக்கு நகர்த்துங்கள் என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது எப்சம் உப்பு வாங்கச் சொன்னேன். ஒரு தடவைகூட நான் ஒரு மாடி இறங்கிப் போய் அந்தச் செடியைப் பார்க்கவில்லை. கடைக்கு நேரமாகிறது என்று சேலையைச் செருகிக்கொண்டே பதில் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று அக்கா எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கோழிக்கறி, தேங்காய் அரைத்த பருப்பு, பால் பாயசம் என்று நிறைவான சாப்பாடு. புறப்படும்போது ஒரு தட்டு நிறையத் தக்காளி கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“உனக்க செடியில காய்ச்சது, கேட்டியா” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அவர் வீட்டுக்காரரிடம், “பாத்தீங்களாண்ணே, நான் அப்பவே சொன்னேன்” என்றேன். அவர் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “ஆமா, ஆமா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒரு தக்காளியை எடுத்து உருட்டிப் பார்த்தார். தினமும் கிரேடு கிரேடாகத் தக்காளி நறுக்குகிற கை அது.

“இது ஹைப்ரிடுல்லா. முட்டை மாதிரி நீளமா, தோலு எவ்வளவு தடி பாரு. சாலைக் கடைல கிடைக்கறது. ஒஞ் செடி இதையா காய்க்கும்?”

நான் தட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு காயில்கூட மடிப்பு இல்லை. அக்காவின் கையிலிருந்து வாங்கும்போதே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது அது. பாராட்டு வாங்குகிற அவசரத்தில் நான் காயையே பார்க்கவில்லை.

தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் கீழே போனேன். அக்கா அடுப்படியில் இருந்தார். நான் பால்கனிக்குப் போய்விட்டேன். துணி காயப் போட்ட கொடிக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், என் குரோ பேக் ஒரு சாக்கால் மூடிக் கிடந்தது. சாக்கை விலக்கினேன். ஒரு சாண் உயரத்தில் காய்ந்த குச்சி, அதில் நாலைந்து மஞ்சள் இலை. சுற்றி மண்ணில் எப்சம் உப்பு கரையாமல் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

அக்கா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“உனக்கிட்ட சொல்ல நாணமா இருந்து பிள்ளே” என்றார். “நீ எவ்வளவு ஆசையாட்டு தந்த. எனக்க கையில வந்ததும் செத்துப் போச்சு. நீ மனசு கஷ்டப்படுவியேன்னு கடையில வாங்கி வச்சேன்.”

அந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷி என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் சொன்னது இது: “தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்கக்கா. அதான் வேரு அழுகியிருக்கும். அடுத்த தடவை பாத்து ஊத்துங்க.”

அக்கா தலையாட்டினார். தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

தை பிறந்த சமயம் என் செடிகளும் அதே மாதிரி துவண்டன. பகலில் தொங்கும், சாயந்தரம் நிமிரும். அடியிலை மஞ்சளித்து, மேலிலை சிறுத்து, பூ உதிர்ந்தது. பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன், சாணிக் கரைசல் ஊற்றினேன். ஒன்றும் ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். வந்த வேரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். வேர் வேராக இல்லை. பாசிமணி கோத்த மாதிரி முண்டும் முடிச்சுமாக, சில இடத்தில் சின்ன இஞ்சிக் கிழங்கு போலத் தடித்திருந்தது. அடுத்ததை இழுத்தேன், அதற்கடுத்ததையும். எல்லாம் அப்படியேதான் இருந்தன. இத்தனை மாதம் இலையை மட்டுமே பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வேரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, கடைக்குப் போகும் வழியில் விவசாய ஆபீசில் ஏறினேன். அங்கிருந்த பெண் அதிகாரி பையைத் திறந்ததுமே சொல்லிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. வேருக்குள் புகுந்து முடிச்சுப் போடும். அப்புறம் என்ன உரம் போட்டாலும் செடியால் உறிஞ்ச முடியாது, அதனால்தான் மஞ்சள். தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாவற்றுக்கும் வரும். பழைய மண்ணிலேயே தங்கியிருக்கும். வந்த செடியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கி எரித்துவிட வேண்டும். மண்ணை ஈரமாக்கி, பாலித்தீன் போட்டு இறுக்க மூடி, கோடை வெயிலில் வேக வைக்க வேண்டும். அடுத்த நடவுக்கு முன் வேப்பம் பிண்ணாக்கு, கூடவே புழுவைத் தடுக்கும் செண்டுமல்லி. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்:

“ஈ மண்ணு வேறே ஆர்க்கெங்கிலும் கொடுத்தோ?”

வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்கிறார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இல்லா” என்றேன்.

என் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு மலையாளச் சொல் அதற்கு முன் வந்ததில்லை.

அன்று கடையில் தேங்காய் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் காது சூடாகவே இருந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த அதிகாரிக்கு என் பெயர்கூடத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். படியேறும்போது அக்கா வீட்டில் ஜெபச் சத்தம் கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஏறிவிட்டேன். மறுநாள் அக்கா தலைவலி என்று படுத்திருந்தார். அதற்கடுத்த நாள் எனக்கே ஒரு காரணம் கிடைத்தது.

அந்த வாரம் மாமி வீட்டு முற்றத்தில் நாங்கள் பெண்கள் நாலு பேரும் நின்று பேசும்படி ஆயிற்று. தண்ணீர் மோட்டார் பழுது. பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு கிண்ணம் தக்காளி கொண்டுவந்திருந்தார். வரிவரியாய் மடிப்பு விழுந்த நாட்டுத் தக்காளி. நார்க்கழிவில் வளர்ந்த நாற்றுகள் அவர் வீட்டில் ஜோராகக் காய்த்திருந்தன.

மாமி, “நேக்குக் கொடுத்தது பத்து நாள்ல வாடிப் போயிடுத்துடி. வாழைக்கடியில தூக்கிப் போட்டுட்டேன்” என்று சிரித்தார்.

“அக்காவோடதும் போயிட்டு” என்றேன். நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

டீச்சர் அக்காவைப் பார்த்துக் கேலியாகச் சொன்னார்: “சேச்சிக்குக் கைப்புண்ணியம் இல்லா, அத்ரே உள்ளூ. ஒரே ஆள் கொடுத்த நாற்றல்லே? என்றே வீட்டில் உண்டாயல்லோ.”

கை ராசி இல்லை, அவ்வளவுதான், அதே ஆள் கொடுத்த நாற்று என் வீட்டில் காய்த்ததே என்று அர்த்தம். கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

என் பையில் அந்த ஆபீசில் கொடுத்த வேப்பம் பிண்ணாக்குப் பொட்டலம் இருந்தது. நான் வாயைத் திறந்தால் போதும். டீச்சர் ஒரு காயை எடுத்து என்னிடம் நீட்டி, “எல்லாம் நம்முடே தக்காளிச் சேச்சியுடே புண்ணியம்” என்றார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

இதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அக்காதான் என்னை இருக்கவிடவில்லை.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில் கதவைத் தட்டினார். கையில் ஒரு மண் தொட்டி. அதில் பிச்சிக் கொடி, நன்றாகத் தழைத்து மொட்டு விட்டிருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடி அது என்று எனக்குத் தெரியும்.

“இதை நீ வச்சுக்கோ பிள்ளே” என்றார். “எனக்க அம்மை வீட்டுக் கொடி. எனக்கிட்ட இருந்தா இதும் ஒருநாள் செத்துப் போவும். ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. உனக்க கையில இருந்தா வாழும்.”

தொட்டியை நீட்டிக்கொண்டே நின்றார். நான் கையை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை.

“அக்கா, அதைக் கீழ வைங்க” என்றேன். “உங்க கையில ஒண்ணுமில்ல. என் மண்ணுலதான் நோவு இருந்தது. கத்தரி போட்ட பழைய மண்ணு. புழு இருந்திருக்கு. அதைத்தான் உங்களுக்கும் மாமிக்கும் குடுத்தேன். டீச்சருக்குப் போனது வேற மண்ணு. நீங்க தண்ணி ஜாஸ்தி ஊத்தல. நான் சொன்னதெல்லாம் தப்பு.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. மாடிக்குக் கூட்டிப் போய், எரிக்காமல் வைத்திருந்த ஒரு வேரைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது போலிருந்தது. பிறகு மாறியது.

“இது உனக்கு என்னைக்குத் தெரியும்?”

நான் குனிந்து, தரையில் கிடந்த சருகுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“டீச்சர் எனக்க கையைச் சொன்னப்போ தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“நீயும் சிரிச்சியே.”

“ஆமா.”

அக்கா வேரைத் தரையில் வைத்தார். கையைத் தட்டித் தூசியைத் துடைத்தார். “செடி செத்தது பெரிய காரியம் இல்ல, கேட்டியா” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் வாசலில் இருந்த பிச்சித் தொட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்றே மாமியிடம் சொன்னேன். “அட போடி, தக்காளிக்கா இவ்ளோ வருத்தப்படறே?” என்றார். வாழைக்கடியில் தோண்டி அந்தச் செடியையும் அதைச் சுற்றிய மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்தேன். டீச்சர் வீட்டுக்கும் போனேன். மலையாளத்தில் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தபோது அவர், “ஓ, அதாணோ காரியம்?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கிறாயா என்றார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. ஆனால் அவராகவே ஒருநாள் அக்காவை வழியில் நிறுத்தி ஏதோ சொன்னதை மாடியிலிருந்து பார்த்தேன்.

மாசி, பங்குனி வெயிலில் மாடியில் மண்ணைப் பரப்பி, நனைத்து, பாலித்தீன் மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். அக்கா வீட்டுப் பை மட்டும் அவர்களிடமே இருந்தது. அதைக் கேட்க எனக்கு முகமில்லை. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்காரர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

“இதையும் சேத்து வெயில்ல போடணுமாம். அவ சொன்னா” என்றார். கொட்டிப் பரப்பிவிட்டு, செங்கல் எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு பாலித்தீனுக்கடியில் நீர் முத்து முத்தாகக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு வெயிலிலேயே நின்றேன்.

துணி காயப் போட அக்கா மாடிக்கு வருவார். முதலில் கிளிப்பு கேட்டார். பிறகு மழை வருமா என்று கேட்டார். சித்திரை, வைகாசியெல்லாம் இப்படியே போயிற்று. இப்போதும் பேசுகிறோம், சாப்பாடு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் பழைய மாதிரி, மாடியேறி வந்து, “பிள்ளே, இது என்னது சொல்லு” என்று கேட்பதில்லை.

இந்த ஐப்பசியில் வெயிலில் வெந்த மண்ணில் அக்கா தானே விதை போட்டார். என்னிடம் வாங்கவில்லை. மாடியில் என் பைகளுக்குப் பக்கத்திலேயே இரண்டு பை, நடுவில் ஒரு செண்டுமல்லி. போன வாரம் அதில் ஓர் அடியிலை மஞ்சளாகியிருந்தது. நான் என் செடிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா இலையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு நாக்கு வரை வந்தது. மண்ணைத் தொட்டுக் கிடக்கிற அடியிலை, வயதானால் மஞ்சளாவது வழக்கம், கிள்ளிப் போட்டால் போதும்.

“பழைய இலைதான்க்கா, ஒண்ணும் இருக்காது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா குத்தவைத்து உட்கார்ந்தார். தண்டுக்குச் சற்றுத் தள்ளி, மண்ணில் ஆள்காட்டி விரலை மெதுவாக விட்டுத் தோண்டினார். ஒரு வேரை மேலே நெம்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாய், நூல் மாதிரி, ஒரு முடிச்சும் இல்லாமல் இருந்தது. மறுபக்கமும் தோண்டி இன்னொரு வேரைப் பார்த்தார். பிறகு மண்ணை மூடி அழுத்தி, மஞ்சள் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, காய்ந்த துணிகளைத் தோளில் போட்டபடி இறங்கிப் போனார்.